‘டு’வா ‘இங்’கா: ரங்கூன் வீட்டு டியூஷனில் நான் சொல்லிக்கொடுக்கிற வழி

மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். கப்பல் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்த தம்பி ஒருவன் என் மூன்று மாடியையும் ஏறி வந்து, குடையைக்கூட மடக்காமல் வாசலிலேயே நின்றான். அன்று காலைதான் அவனுக்கு நேர்முகம். “கப்பல்ல நீ வாட்ச் டியூட்டியில் இருக்கும்போது பம்ப்பில் ஏதோ வித்தியாசமான சத்தம் வருது, என்ன செய்வே?” என்று கேட்டிருக்கிறார்கள். இவன் தயங்காமல், “ஐ ஸ்டாப் செக்கிங் தி பம்ப்” என்று சொல்லிவிட்டான். கேட்டவர் பேனாவைக் கீழே வைத்தாராம்.

“ஸயாமா, நான் என்ன தப்பாச் சொன்னேன்?” ஸயாமா என்றால் பர்மியத்தில் டீச்சரம்மா.

“நீ நினைச்சதைத் தமிழ்ல சொல்லு.”

“கையில இருக்கிற வேலையை விட்டுட்டு, பம்ப்பைப் பாக்க நிப்பேன்.”

“பாக்க நிப்பேன். சரி. அங்கே சொன்னது என்ன தெரியுமா? பம்ப்பைப் பாக்கிறதை நிறுத்திடுவேன்னு சொல்லியிருக்கே. சத்தம் வந்ததும் பாக்கிறதை நிறுத்துற ஆளை எந்தக் கப்பல்ல ஏத்துவாங்க?”

அவன் சொல்ல வேண்டியிருந்தது ‘ஐ ஸ்டாப் டு செக் தி பம்ப்’. ஒரே ஒரு ‘டு’. ஆங்கிலத்தில் ஒரு வினைக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால், அதற்கு முன்னால் ‘டு’ போடுவதா, அதன் வாலில் ‘இங்’ ஒட்டுவதா? அன்றைக்கு இதைப் பற்றி அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன். படிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள். இந்த விஷயம் கண்ணைவிடக் காதுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

முதலில் ஒரு சங்கதி. ஆங்கில இலக்கணப் புத்தகம் இரண்டு நீளப் பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும். நானும் அப்படித்தான் படித்தேன், பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தேன். பிறகு பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோதுதான் கவனித்தேன், பட்டியலில் பாதிக்குமேல் தமிழ் வாயிலேயே இருக்கிறது. நினைத்ததைத் தமிழில் சொல்லுங்கள். வினைச்சொல் ‘செய்ய’, ‘போக’, ‘பார்க்க’ என்று அகரத்தில் முடிந்தால் ஆங்கிலத்தில் ‘டு’. ‘செய்வதை’, ‘செய்ததை’, ‘போவதில்’ என்று பெயர்ச்சொல் மாதிரி வந்து உருபு ஒட்டிக்கொண்டால் ‘இங்’. முன்னதை நம் இலக்கணம் வினையெச்சம் என்கிறது. பின்னது பெயர்போல நடக்கும் வினை, தொழிற்பெயர் வகை.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு கைப்பிடியும் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம் என்று வளர்ந்தவர்கள். ஒன்றைக் கொடுக்க மறந்தால் பர்மியத்தில் ‘பே போ மே தே’ என்போம். கொடுத்துவிட்டு, கொடுத்ததையே மறந்தால் ‘பே தா மே தே’. நடுவில் இருக்கிற அந்த ‘போ’வையும் ‘தா’வையும் தமிழ்க் காதால் கேளுங்கள். ‘போ’ என்றால் இனிமேல்தான் போக வேண்டும், காரியம் முன்னால் இருக்கிறது, அது ‘டு’. ‘தா’ என்றால் கையில் இருக்கிற பொருளைத் தா, காரியம் கையில் இருக்கிறது, நடந்தது அல்லது நடக்கிறது, அது ‘இங்’. இரண்டு மொழிக்கும் இதில் உறவு ஒன்றும் இல்லை, சும்மா ஒலிப் பொருத்தம்தான். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகள் வாக்கியத்தில் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவன் “போவா, தாவா?” என்று முணுமுணுக்கிறான், உடனே சரியாக வந்துவிடுகிறது.

மறப்பதும் ஞாபகம் வைப்பதும்தான் இந்த விஷயத்தில் பெரிய பள்ளம். நானே விழுந்திருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற ஒரு நிறுவனத்தின் தபால்வழிப் படிப்புக்குப் பணம் கட்டியிருந்தேன். கட்டவில்லை என்று கடிதம் வந்தது. கோபத்தோடு உட்கார்ந்து, ‘ஐ ரிமெம்பர் டு பே தி ஃபீ’ என்று எழுதி அனுப்பினேன். பணம் கட்டியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று சொன்னதாக நினைப்பு. பதில் மிக மரியாதையாக வந்தது: நன்றி, வெள்ளிக்கிழமைக்குள் கட்டிவிடுங்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நான் எழுதியதைக் ‘கட்ட மறக்கமாட்டேன்’ என்றுதானே எடுத்துக்கொள்ள முடியும். ‘ஐ ரிமெம்பர் பேயிங் தி ஃபீ’ என்று எழுதியிருந்தால் ரசீதைத் தேடி இரண்டு நாள் அலமாரியைக் குடைந்திருக்க வேண்டாம்.

கதவைப் பூட்ட மறந்தேன்: ‘ஐ ஃபர்காட் டு லாக் தி டோர்’. வீடு திறந்து கிடக்கிறது. பூட்டியதை மறந்தேன்: ‘ஐ ஃபர்காட் லாக்கிங் தி டோர்’. வீடு பத்திரம், எனக்குத்தான் வயதாகிறது.

தமிழின் கெட்டிக்காரத்தனம் ‘மறுத்தான்’, ‘ஒப்புக்கொண்டான்’ இரண்டிலும் தெரியும். பணத்தை எடுக்க மறுத்தான் என்றால் நல்லவன்; எடுத்ததை மறுத்தான் என்றால் திருடனாக இருக்கலாம். நமக்கு ஒரே வினை, அதற்கு முன்னால் வரும் வடிவம் மாறினால் ஆளே மாறிவிடுகிறான். ஆங்கிலம் இதற்கு இரண்டு தனி வினை வைத்திருக்கிறது: ‘ஹி ரெஃப்யூஸ்ட் டு டேக் தி மணி’, ‘ஹி டினைட் டேக்கிங் தி மணி’. அதேபோல, எடுக்க ஒப்புக்கொண்டான் ‘அக்ரீட் டு டேக்’, எடுத்ததை ஒப்புக்கொண்டான் ‘அட்மிட்டட் டேக்கிங்’. இந்த நாலையும் கரும்பலகையில் எழுதிப் பக்கத்தில் தமிழையும் எழுதிவிட்டால் அன்றைக்கு வகுப்பில் நான் பேசவே வேண்டியதில்லை.

‘ட்ரை’ இன்னும் சுவையானது. தூக்க முயன்றேன், முடியவில்லை: ‘ஐ ட்ரைட் டு லிஃப்ட் இட்’. ஆனால் ‘உப்புப் போட்டுப் பார்’ என்று சொல்கிறோமே, அந்தப் ‘பார்’ வந்தால் ‘இங்’: ‘ட்ரை ஆடிங் சால்ட்’. போடுவதில் கஷ்டம் ஒன்றுமில்லை, போட்டால் என்ன ஆகிறது என்றுதான் பார்க்கிறோம். பர்மியத்திலும் இதே கதைதான். சாப்பிட்டுப் பார் என்பதற்கு ‘ஸா ச்சி’ என்கிறார்கள். அந்த ‘ச்சி’க்கு அர்த்தம் பார். மீன் குழம்பு நூடுல்ஸான மொஹிங்கா விற்கிற கடைக்காரி முதல் கிண்ணத்தை நீட்டும்போது சொல்கிற வார்த்தை அதுதான். இரண்டு மொழியும் ‘பார்’ என்கிற இடத்தில் ஆங்கிலக்காரர் ‘ட்ரை ஈட்டிங்’ என்கிறார்.

இப்போது தமிழை நம்பி நேராகப் போகக்கூடிய இடங்கள். போக விரும்புகிறேன், போக முடிவு செய்தேன், போகத் திட்டம் போட்டேன், ஓட்டக் கற்றுக்கொண்டேன், உதவ முன்வந்தார்: ‘வான்ட்’, ‘டிசைட்’, ‘ப்ளான்’, ‘லேர்ன்’, ‘ஆஃபர்’ எல்லாவற்றுக்கும் ‘டு’. பேசுவதைத் தவிர்த்தேன், குடிப்பதை விட்டுவிட்டார், போவதைத் தள்ளிப்போட்டோம், பாடுவதை ரசித்தேன்: ‘அவாய்ட்’, ‘கிவ் அப்’, ‘போஸ்ட்போன்’, ‘என்ஜாய்’ எல்லாவற்றுக்கும் ‘இங்’. வாக்கியத்தின் தலையில் ‘நீந்துவது நல்லது’ என்று வந்தாலும் ‘ஸ்விம்மிங் இஸ் குட்’ என்றே தொடங்குங்கள். ‘டு ஸ்விம்’ என்று தொடங்குவது தப்பில்லை, ஆனால் பேச்சில் பழைய கோட்டு மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போன மாதிரி இருக்கும்.

தமிழ் காலை வாருகிற இடங்களுக்குத்தான் என்னிடம் வர வேண்டும்.

எழுதி முடித்தேன். இதில் ‘எழுத’வும் இல்லை, ‘எழுதுவதை’யும் இல்லை. ஆங்கிலத்தில் ‘ஐ ஃபினிஷ்ட் ரைட்டிங்’. முடிந்த காரியம் கையில் இருக்கிறது, ‘தா’ என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாடப் பழகினாள் என்கிறோம். அகரத்தில் முடிகிறதே என்று ‘ப்ராக்டிஸ்ட் டு ஸிங்’ என்றால் தப்பு, ‘ப்ராக்டிஸ்ட் ஸிங்கிங்’. தூங்குவதுபோல நடித்தான், ‘வது’ வந்துவிட்டதே என்று ‘இங்’ போடக்கூடாது, ‘ப்ரிடெண்டட் டு ஸ்லீப்’. பார்க்கத் தக்கது என்பது ‘வர்த் ஸீயிங்’. எங்கள் ஊரைச் சுற்றி ஒரு வட்ட ரயில் ஓடுகிறது. வெளியூர் ஆள் யாராவது என்ன பார்க்கலாம் என்று கேட்டால் ‘தி ஸர்க்குலர் ட்ரெயின் இஸ் வர்த் டேக்கிங்’ என்று சொல்லுங்கள். சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்பது ‘ஐ குட்ன்ட் ஹெல்ப் லாஃபிங்’. இவற்றை உருட்டி உருட்டி மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

‘ஸஜெஸ்ட்’ என் ‘போ தா’ சூத்திரத்தையே உடைக்கிற வினை. யோசனை என்றால் இனிமேல் நடக்கப்போவதுதானே, ‘டு’ வரவேண்டாமா? வராது. ரயிலில் போகலாம் என்றார்: ‘ஹி ஸஜெஸ்டட் கோயிங் பை ட்ரெயின்’. போகலாமா என்று யோசிக்கிறேன் என்பதும் அதே வீட்டுப் பிள்ளைதான்: ‘ஐ ஆம் கன்ஸிடரிங் கோயிங்’. போவதை ஒரு பொருளாக மேஜைமேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம் என்று நினைத்தால் ஓரளவு சமாதானம் ஆகும். எனக்கு முழுச் சமாதானம் இன்னும் ஆகவில்லை.

‘மைண்ட்’ வந்தால் இரட்டைக் கண்ணி. ‘வுட் யூ மைண்ட் க்ளோஸிங் தி டோர்?’ என்று கேட்கிறார்கள். கதவைச் சாத்த முடியுமா என்று நம் காதில் விழுகிறது. நல்ல பிள்ளையாக ‘யெஸ்’ என்கிறோம். ஆனால் கேள்வி, சாத்துவதில் உங்களுக்குச் சங்கடமா என்பது. ‘யெஸ்’ என்றால் ஆமாம், சங்கடம்தான், போய்யா என்று அர்த்தம். ‘நாட் அட் ஆல்’ என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ச் சாத்துங்கள்.

தமிழர்கள் எல்லாரும், நான் உட்பட, செய்கிற தப்பு ‘ஃபார்’. மீன் வாங்குவதற்குத் தெயின்ஜி ஸே சந்தைக்குப் போனேன். ‘வாங்குவதற்கு’ என்பதை அப்படியே உரித்து ‘ஐ வென்ட் டு தி மார்க்கெட் ஃபார் பையிங் ஃபிஷ்’ என்கிறோம். வேண்டாம். போனதன் நோக்கத்தைச் சொன்னால் ‘டு பை ஃபிஷ்’, அவ்வளவே. ‘ஃபார்’ வருகிற இடம் பொருளின் உபயோகம்: இந்தக் கத்தி மீன் வெட்டுவதற்கு, ‘திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் ஃபிஷ்’. ஆள் போனால் ‘டு’, பொருள் எதற்கு என்றால் ‘ஃபார்’ போட்டு ‘இங்’. இந்த ஒரு திருத்தம் வந்தாலே எழுதுகிற விண்ணப்பம் பாதி சுத்தமாகிவிடும். கூடவே இன்னொன்று: எனக்குச் சமைக்கத் தெரியும் என்பதை ‘ஐ நோ டு குக்’ என்று எழுதாதீர்கள். நடுவில் ‘ஹௌ’ வேண்டும், ‘ஐ நோ ஹௌ டு குக்’. இல்லையென்றால் ‘ஐ கேன் குக்’ என்று முடித்துவிடலாம்.

அப்பா மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர். 1965இல் அரசாங்கம் தனியார் பள்ளிகளை எடுத்துக்கொண்டதற்கு முந்தைய தலைமுறை. 1964இல் சொந்தக்காரர்கள் கப்பல் ஏறி மதராசுக்குப் போனபோது அவர் போகவில்லை. ஊர்ப் பெயர் 1989இல் யாங்கோன் ஆனபிறகும் எங்கள் வீட்டில் அது ரங்கூன்தான், அவர் வைத்த சட்டம். அவர் சொல்வார்: “டு-ன்னா நம்ம கு, அவ்வளவுதான்.” விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். பிறகு படித்தால், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்த ‘டு’ உண்மையிலேயே ‘-க்கு’ போன்ற சொல். அதற்குப் பின்னால் வந்த வினை நம் நான்காம் வேற்றுமைக்கு ஈடான வடிவத்தில் நின்றிருக்கிறது. நம் பழைய இலக்கணமும் ‘செயற்கு’ என்று ஒரு வினையெச்சத்தைச் சொல்கிறது. செயலுக்கு, செய்வதற்கு. இரண்டும் ஒரே மாதிரிக் கட்டிய வீடு.

அந்தப் பழைய ‘டு’ இன்னும் சில இடங்களில் சாதாரண ‘-க்கு’வாகவே உட்கார்ந்திருக்கிறது, அங்கேதான் ஆபத்து. பார்த்தால் ஒரே ‘டு’. ஆனால் பின்னால் ‘இங்’ கேட்கும். கண்டுபிடிக்க நான் தீபாவளி வைத்திருக்கிறேன். ‘டு’வுக்குப் பிறகு வினையை எடுத்துவிட்டுத் ‘தீபாவளி’ என்று போட்டுப் பாருங்கள். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு தீபாவளி’: பொருந்துகிறது. அப்படியானால் வினை வரும்போது ‘இங்’, ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஸீயிங் யூ’. ‘ஐ வான்ட் டு தீபாவளி’: உளறல். அப்படியானால் வெறும் வினை, ‘ஐ வான்ட் டு ஸீ யூ’. ‘யூஸ்ட் டு’வுக்கும் இதே சோதனை. இந்த மூன்று மாடியை அப்போது ஓடி ஏறுவேன்: ‘ஐ யூஸ்ட் டு ரன் அப் தி ஸ்டேர்ஸ்’. இப்போது மெல்ல ஏறிப் பழகிவிட்டேன்: ‘ஐ ஆம் யூஸ்ட் டு க்ளைம்பிங் ஸ்லோலி’. ‘ஐ ஆம் யூஸ்ட் டு தி ஸ்டேர்ஸ்’ என்றும் சொல்லலாம் அல்லவா, அதுதான் அடையாளம். ‘டு’ மட்டுமில்லை, ‘இன்’, ‘அட்’, ‘ஆஃப்’, ‘பிஃபோர்’, ‘வித்தௌட்’ எதற்குப் பின்னால் வினை வந்தாலும் ‘இங்’தான். பாடுவதில் கெட்டிக்காரி, ‘குட் அட் ஸிங்கிங்’. சொல்லாமல் போனான், ‘லெஃப்ட் வித்தௌட் டெல்லிங்’.

அடுத்தது ஆள் கணக்கு. ‘அலவ்’, ‘அட்வைஸ்’ மாதிரி வினைக்கு ‘யாரை’ என்று கேளுங்கள். வாக்கியத்தில் ஆள் இருந்தால் ‘டு’: ‘ஷி அலவ்ட் மீ டு பார்க்’. ஆள் இல்லாவிட்டால் ‘இங்’: ‘தே டோன்ட் அலவ் பார்க்கிங்’. ஆனால் அழ வைத்தான், போக விட்டான் என்பதற்கு ‘டு’வும் வேண்டாம், ‘இங்’கும் வேண்டாம்: ‘மேட் ஹர் க்ரை’, ‘லெட் ஹிம் கோ’.

எது போட்டாலும் சரி என்கிற வினைகளும் உண்டு: ‘ஸ்டார்ட்’, ‘பிகின்’, ‘கன்டின்யூ’, ‘ஹேட்’. இவற்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு ‘இங்’ ஒட்டி நின்று காதைக் குத்தாமல் பார்த்தால் போதும். மழை பிடிக்கத் தொடங்குகிறது என்பதை ‘இட் இஸ் ஸ்டார்ட்டிங் டு ரெய்ன்’ என்று சொல்லுங்கள். ‘லைக்’கும் இரண்டு பக்கமும் போகும், ஆனால் ‘வுட் லைக்’ என்றால் கண்ணை மூடிக்கொண்டு ‘டு’.

வீட்டில் பயிற்சிக்குப் பட்டியல் வேண்டாம். அன்றைக்கு நடந்ததையே எடுங்கள். கரண்ட் போனது, மெழுகுவத்தி ஏற்ற எழுதுவதை நிறுத்தினேன், கரண்ட் திரும்பி வந்ததும் தெருவே ‘மீ லா பி’, அதாவது கரண்ட் வந்தாச்சு, என்று கத்தியது, மெழுகுவத்தியை அணைக்க மறந்தேன். இதில் எத்தனை ‘போ’, எத்தனை ‘தா’ என்று எண்ணி, பிறகு ஆங்கிலத்தில் சொல்லிப்பாருங்கள். ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் போதும். என் பிள்ளைகள் அவர்கள் எழுதிய சீட்டை மாடி ஏறிக்கூடக் கொண்டுவருவதில்லை. இந்த ஊர் வழக்கப்படி பால்கனியிலிருந்து ஒரு கயிறு கீழே தொங்குகிறது, நுனியில் க்ளிப், மேலே மணி. பத்திரிகைக்காரனுக்குக் கட்டியது. சீட்டை மாட்டி இழுத்தால் மணி அடிக்கும். சிவப்பு மையில் திருத்தி இறக்குவேன்.

கப்பல் தம்பிக்கு வேறொரு இடத்தில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று நான் கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது க்ளிப்பில் ஒரு சீட்டு, பாதி நனைந்து: ‘ஸயாமா, ஐ ஸ்டாப்ட் டு ஸே குட்பை. ஐ வில் ரிமெம்பர் டு ரைட். ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஸீ யூ.’ முதல் இரண்டும் அப்பழுக்கில்லாதவை. மூன்றாவதில் ‘ஸீயிங்’ என்று சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன். இறக்கிக் கொடுக்கக் கீழே ஆள் இல்லை, ஒப்பந்தம் முடிந்து வரட்டும்.